வீட்டில் கடைசி நாட்கள்: வலி, மார்ஃபின், சாப்பாடு, மூச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு வீடாகப் போய், இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். மஞ்சக்குப்பத்தில் கேட்ட அதே கேள்வியை மறுநாள் அரியாங்குப்பத்தில் கேட்பார்கள், அடுத்த வாரம் குறிஞ்சிப்பாடியில் கேட்பார்கள். பெரும்பாலும் நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் கேட்பது, உள்ளே படுத்திருப்பவர் காதில் விழக்கூடாதே என்று. வாசலில் நின்று சொல்கிற பதில் யாருக்கும் மனதில் தங்குவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மருந்து அளவு என்று நான் எழுதுவதெல்லாம் பொதுவான விவரம். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"இனிமே செய்ய ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் நீங்க வந்து என்ன சிஸ்டர் செய்யப் போறீங்க?"

நோயைக் குறைக்க இனி மருந்து இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வலி, வாந்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல், புண்ணில் நாற்றம், தூக்கமில்லாமை, பயம் எல்லாவற்றுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. இதைத்தான் பேலியேட்டிவ் கேர் என்கிறார்கள், நம் பக்கத்தில் வலி நிவாரண சிகிச்சை என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இடத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனை சமூகப் பணியாளர், அதற்குப் பிறகுதான் டாக்டர். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், பணம், சாமி எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்று சொன்னவர் அவர்.

அது உண்மை என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவருக்கு மாத்திரையை இரண்டு முறை கூட்டியும் ராத்திரி வலி அடங்கவில்லை. கடைசியில் ஒருநாள் வாய் திறந்து சொன்னார், பேத்தி நகையை அடகு வைத்துத்தான் தன் வைத்தியமே நடந்தது, அதை மீட்டுக் கொடுக்காமல் போகப்போகிறோமே என்று. மகன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பேசி முடித்த பிறகு, கூட்டாமலே அதே மாத்திரையில் தூங்கினார்.

"கேன்சர் ஒட்டுமா? குழந்தைங்கள தள்ளி வைக்கணுமா?"

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது போதும். தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைக்கிற வீட்டில் படுத்திருப்பவர் அதைக் கவனிக்காமல் இருப்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"வீட்டுக்கு வந்து பாக்குறதுக்கு நர்ஸ் எங்க கிடைப்பாங்க? நாங்க தமிழ்நாடு, ஆஸ்பத்திரி பாண்டியில."

கடலூர்க்காரர்கள் பாதிப்பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. வீடு முள்ளோடைக்கு இந்தப் பக்கம், சிகிச்சை கோரிமேடு ஜிப்மரில். புற்றுநோய்க்கான மாத்திரையும் மார்ஃபினும் அங்கே எழுதிக் கொடுத்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். புதுச்சேரிக்குள் இருந்தால் உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் மூன்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். நடுராத்திரியில் இதைத் தேடி அலைகிற வீடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

"வலி எவ்வளவு இருக்குன்னு கேட்டா அம்மா 'இருக்குது'ன்னு மட்டும் சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஆஸ்பத்திரியில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். நம் வீட்டு அம்மாக்களிடம் நான் கேட்பது இப்படி: "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா, இப்ப எத்தனை பைசா இருக்கு?" எழுபத்தஞ்சு பைசா என்று டக்கென்று பதில் வரும். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். இருபது பைசாவுக்கு வந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. இரண்டையும் நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். நூறு வார்த்தை சொல்வதை விட அந்த நோட்டு டாக்டருக்கு உபயோகம்.

பேச முடியாதவர் என்றால் முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்குகிறதா, திருப்பிப் படுக்க வைக்கும்போது முனகுகிறாரா, கை இறுகுகிறதா, தொட்டால் தள்ளிவிடுகிறாரா. வலி இல்லாத முகம் தளர்ந்து இருக்கும்.

"மார்ஃபின் ஆரம்பிச்சிட்டா அவ்வளவுதானா சிஸ்டர்? நாள் எண்ண ஆரம்பிச்சிட்டோம்னு அர்த்தமா?"

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், இதற்குப் பயந்துகொண்டு வாங்கி வந்த மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்து, அப்பா ராத்திரி முழுக்கக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. மார்ஃபின் கொடுப்பது வலி பலமாக இருக்கிறது என்பதற்காக, சாவு நெருங்கிவிட்டது என்பதற்காக இல்லை. மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள், கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

1986-ல் உலக சுகாதார நிறுவனம் வலிக்கு ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுத்தது. லேசான வலிக்கு பாராசிட்டமால் மாதிரியானவை, அடுத்த படியில் கோடீன், டிரமடால் போன்றவை, அதிலும் அடங்காத வலிக்கு மார்ஃபின். வலி முதலிலேயே பலமாக இருந்தால் கீழ்ப்படியில் நின்று நாளைக் கடத்த வேண்டியதில்லை. வாய் வழியாக, வலிக்கு ஏற்ற அளவில் மெதுவாகக் கூட்டிக் கொடுக்கும்போது மூச்சு நின்றுபோகும் என்ற பயமும் வேண்டாம். மூச்சு மந்தமாவதற்கு முன்னால் ஆள் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போவார். அப்படித் தூங்கினாலோ, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தாலோ, இல்லாத ஆளிடம் பேசினாலோ உடனே கூப்பிடுங்கள். கிட்னி பழுதானவர்களுக்கு இது சீக்கிரம் வரும், அவர்களுக்கு அளவு குறைவாகவும் இடைவெளி அதிகமாகவும்தான் தருவார்கள்.

"பழக்கமாயிடாதா? அது போதை மருந்துதானே?"

வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவது அரிது. அடிமையானவர் வலி இல்லாவிட்டாலும் தேடுவார், நம் நோயாளி வலி அடங்கினால் மாத்திரையைக் கேட்கக்கூட மாட்டார். ஆனால் உடம்பு அதற்குப் பழகும், அது வேறு விஷயம். அதனால் பல வாரம் சாப்பிட்ட பிறகு ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. ரேடியேஷன் கொடுத்து வலி குறைந்துவிட்டால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

"வலி வந்தா மட்டும் குடுத்தா போதாதா? எதுக்கு சும்மா சும்மா மருந்து?"

போதாது. சாதாரண மார்ஃபின் மாத்திரை உடம்பில் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்கும் வரை அரை மணி, ஒரு மணி நேரம் அவர் துடிக்க வேண்டும், அடங்கிச் சற்று நேரத்தில் மறுபடி துடிக்க வேண்டும். கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் வலி தலை தூக்காது. பெரும்பாலும் 5 அல்லது 10 மி.கி.யில் தொடங்குவார்கள், வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று நேரம் போட்டு, ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு கொடுத்து விடியற்காலை 2 மணி டோஸைத் தவிர்ப்பது வழக்கம், வீட்டில் எல்லோரும் தூங்கலாம்.

இடையில் வலி வந்தால்? கூடுதலாக ஒரு டோஸ் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், கொடுங்கள், நோட்டில் எழுதுங்கள். அதைக் கொடுத்தோமே என்று அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை கூடுதல் டோஸ் தேவைப்பட்டால் வழக்கமான அளவைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம், சொல்லுங்கள்.

"மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து வயித்தப் புடிச்சிக்கிட்டு கிடக்குறாரு. வெளிக்குப் போயி அஞ்சு நாளாச்சு."

மார்ஃபின் எழுதும்போதே கூடவே மலமிளக்கியும் எழுத வேண்டும். தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் போய்விடும், குமட்டல் ஒரு வாரத்தில் போய்விடும், அதற்கும் மாத்திரை இருக்கிறது. மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் சாப்பிடும் வரை பிசாகோடில் மாதிரியான மாத்திரையும் தினமும் ராத்திரி உண்டு. வாழைப்பழமும் திராட்சையும் மட்டும் போதாது.

மூன்று நாளுக்கு மேல் போகவில்லை என்றால் சொல்லுங்கள். இன்னொன்று, பல நாள் கட்டியிருந்துவிட்டுத் திடீரென்று தண்ணியாகப் போனால் பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கல் மாதிரி அடைத்துக்கொண்டு அதன் பக்கவாட்டில் கசிகிறதாக இருக்கலாம். நாங்கள் வந்து கையுறை போட்டு விரலால் எடுத்துவிடுவோம். எடுத்த பத்து நிமிஷத்தில் ஆள் முகமே மாறிவிடும்.

"கடலூர் பூரா சுத்திட்டேன், எந்த மெடிக்கல்லயும் மார்ஃபின் மாத்திரை இல்லைங்கிறாங்க. ஏன்?"

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அவ்வளவு கடுமையாக இருந்ததால் ஆஸ்பத்திரிகளே வாங்கி வைக்கப் பயந்தன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க அனுமதியோடு அபின் பயிரிடுகிறோம், காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன, ஆனால் அதிலிருந்து எடுக்கும் மருந்து நம் வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேரவில்லை. கேரளத்தில் 1993-லிருந்து கோழிக்கோட்டில் வலி நிவாரண வேலை செய்த டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடி, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இப்போது ஒரே அனுமதியில் வாங்கி வைத்துக் கொடுக்கலாம்.

ஆகையால் தெருக்கடையில் தேடாதீர்கள், சிகிச்சை எடுத்த பெரிய ஆஸ்பத்திரியில், புற்றுநோய்ப் பிரிவில் அல்லது வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். நோயாளி பஸ்ஸில் வர வேண்டியதில்லை, சீட்டோடும் வலி நோட்டோடும் வீட்டில் ஒருவர் போய் வாங்கி வர முடியுமா என்று முன்னமே பேசி வையுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், சாவி யாரிடம் என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.

"மேல ஒட்டுற பிளாஸ்திரி இருக்காமே, அது நல்லதா?"

ஃபென்டனில் பேட்ச். விழுங்க முடியாதவருக்கு நல்லது, விலை அதிகம். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டியவுடன் வலி போகாது, முழுசாக வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும், அதுவரை மாத்திரையோ ஊசியோ வேண்டும். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போய்விடும். காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான், கவனமாக இருங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கை படாமல் போடுங்கள்.

"மார்ஃபின் குடுத்தும் கால் எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குதுன்னு சொல்றாரு."

அது நரம்பு வலி. எரிச்சல், மின்சாரம் பாய்வது, ஊசி குத்துவது, துணி பட்டாலே வலிப்பது என்று அதற்கு ஒரு தனி மொழி இருக்கிறது. மார்ஃபின் அதற்குப் பாதிதான் கேட்கும். அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மாத்திரைகளைச் சேர்ப்பார்கள். மெடிக்கல்லில் அட்டையைப் பார்த்துவிட்டு "இது மனநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை" என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடாதீர்கள், குறைந்த அளவில் அது நரம்பு வலிக்குத்தான். எலும்பில் பரவிய வலிக்கு, முடிந்தால் ஒரே ஒரு முறை ரேடியேஷன் கொடுத்தாலே பலருக்குக் குறைகிறது, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

"புண்ணு நாத்தம் தாங்கலை. யாரும் ரூமுக்குள்ள வர மாட்டேங்கிறாங்க. பாவம், அவளுக்கே தெரியுது."

இதை வீட்டிலேயே பெருமளவு சரிசெய்யலாம், அதுவும் மலிவாக. அரை லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண் மேல் தூவுங்கள், எவ்வளவு என்று நர்ஸ் காட்டுவார். இரண்டு மூன்று நாளில் நாற்றம் நன்றாகக் குறைந்துவிடும். பழைய பருத்தி வேட்டி, புடவையை நறுக்கி மடித்து, குக்கரில் ஆவியில் வைத்து எடுத்துச் சுத்தமான டப்பாவில் போட்டு வைத்தால் கட்டுத்துணிக்குக் காசு செலவில்லை. துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் ஊற வைத்து எடுங்கள். கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை.

புழு வைத்துவிட்டதென்றால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம், உங்கள் கவனிப்புக் குறைவு என்றும் நினைக்க வேண்டாம், திறந்த புண்ணில் ஈ ஒருமுறை உட்கார்ந்தால் போதும். டர்பன்டைன் நனைத்த துணியை ஓரத்தில் வைத்து வெளியே வரவழைத்து எடுப்போம். அதற்கு எங்களைக் கூப்பிடுங்கள்.

"படுக்கைப்புண் வராம இருக்க என்ன பண்றது? பவுடர் போட்டுத் தேய்க்கிறோம்."

தேய்க்காதீர்கள், சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகாலுக்குக் கீழே இல்லை, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஈரத்துணி உடனே மாற்ற வேண்டும். ஆனால் உயிர் போகப்போகிற கடைசி இரண்டு மூன்று நாளில், திருப்பும்போதெல்லாம் அவர் வேதனைப்பட்டால், மணிக்கணக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள், எப்படிப் படுத்தால் நிம்மதியோ அப்படி இருக்கட்டும்.

"நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலை. பட்டினி போட்டு சாகடிக்கிறோமோன்னு இருக்கு. குளுக்கோஸாவது ஏத்தலாமே?"

சோறு ஊட்டுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு, அதனால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு வலிக்கிறது. ஆனால் சாப்பிடாததால் அவர் சாகவில்லை, உடம்பு முடிவுக்கு வருவதால் சாப்பாட்டை விட்டுவிட்டது. பசி அவருக்கு இல்லை. வற்புறுத்தி வாயில் திணித்தால் புரையேறும், நுரையீரலுக்குப் போகும். மூக்கில் டியூப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதேதான், கடைசி நாட்களில் அது ஆயுளைக் கூட்டாது, கையைக் கட்டிப்போட வேண்டிய நிலைமைதான் வரும்.

குளுக்கோஸ் கணக்கைப் பாருங்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். இரண்டு இட்லி அளவு சத்துகூடத் தேறாது. அந்தத் தண்ணீரை வெளியேற்ற கிட்னிக்குத் தெம்பில்லை என்றால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சு இழுக்கும். வாய் காய்கிறதே என்பதுதான் அவருக்கு இருக்கும் கஷ்டம். ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு மெல்லிய துணியை நனைத்து மணிக்கு ஒருமுறை நாக்கையும் ஈறையும் துடையுங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் சொல்லுங்கள், அதற்குத் தனி மருந்து.

"ஆசையா கேக்குறதக் குடுக்கலாமா? சுகர் வேற இருக்கு."

கொடுங்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு பெரியவர், தொண்டையில் புற்று, தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். வைகாசி மாதம், வீட்டுக்குப் பின்னால் அவர் கையால் வைத்த பலா மரம் காய்த்துத் தொங்குகிறது, வாசனை கட்டில் வரை வருகிறது, ஒரு சுளை வேண்டும் என்று சைகை காட்டினார். மருமகள் என்னைப் பார்த்தார். சுளையை மெல்லிய துணியில் முடிந்து, நூல் கட்டி, நாங்கள் நூலைப் பிடித்துக்கொண்டு, அவரைச் சாய்த்து உட்கார வைத்துச் சப்பக் கொடுத்தோம். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிச் சப்பினார். சர்க்கரை அளவை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

"அப்பாகிட்ட வியாதி பேரை சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க சிஸ்டர்."

நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன், இதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஜிப்மரில் எந்தப் பிரிவு வாசலில் உட்கார வைத்தீர்கள் என்று அவருக்குப் படிக்கத் தெரியாதா? நீங்கள் அவரிடம் மறைக்கிறீர்கள், அவர் உங்களிடம் தெரியாத மாதிரி இருக்கிறார், ஒரே அறையில் இரண்டு பக்கமும் தனியாக அழுகிறீர்கள். "உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அந்த அளவுக்குப் பேச்சு தானாகப் போகும். நிலப் பத்திரம், பேங்க் கணக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

"மூச்சு முட்டுதுன்னு பயப்படுறாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கணுமா?"

விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் சிலிண்டரால் பெரிதாகப் பலன் இல்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள், முகத்தில் காற்று படும்படி ஃபேனோ பனையோலை விசிறியோ. கன்னத்திலும் மூக்கிலும் காற்று படுவதே மூச்சுத் திணறும் உணர்வைக் குறைக்கிறது. இதற்கும் குறைந்த அளவு மார்ஃபின் கொடுப்பார்கள், மூச்சை நிறுத்திவிடுமோ என்றால் மேலே ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள்.

"மழைக்காலத்துல என்ன முன்னேற்பாடு?"

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரித் தெருக்களில் படகு விட்டார்கள். அதனால் ஐப்பசி பிறக்கும்போதே நான் எல்லா வீட்டிலும் சொல்வது: மார்ஃபின் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு இருக்க வேண்டும், தண்ணீர் படாத டப்பாவில். காற்று மெத்தை கரண்ட் போனால் இறங்கிவிடும், தண்ணீர் மெத்தைக்குக் கரண்ட் வேண்டாம். ஆக்சிஜன் மிஷின் ஓடுகிற வீட்டில் ஒரு சிலிண்டர் இருக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் வருகிற இடமானால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே உறவினர் வீட்டு மேட்டுக்கு மாற்றிவிடுங்கள், முழங்கால் தண்ணீரில் கட்டிலோடு தூக்குவது அவருக்கும் கொடுமை, உங்களுக்கும் கொடுமை.

"இன்னும் எத்தனை நாள்? எப்படித் தெரியும்?"

தேதி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நாட்கள்தான் என்பதற்கு அறிகுறி உண்டு. நாள் முழுக்கத் தூக்கம், ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்காதது, சிறுநீர் குறைந்து நிறம் கறுப்பது, கை கால் சில்லிட்டு, முழங்காலில் திட்டுத் திட்டாக நீலம் படர்வது, மூச்சு வேகமாகப் போய் அப்புறம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொடங்குவது.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், சேட்டுமம் கட்டிவிட்டது என்பார்கள். விழுங்கும் சக்தி போனதால் தேங்கிய எச்சில் அது. கேட்கிற நமக்குத்தான் பயம், அவர் அந்த அளவு மயக்கத்தில் இருக்கும்போது அது அவரை வருத்துவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுரப்பைக் குறைக்க ஊசி இருக்கிறது. குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். காது கடைசி வரை கேட்கலாம், ஆகவே கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சாவுச் செலவுக் கணக்குப் பேச வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

"மாத்திரையே முழுங்க முடியலை. அப்ப வலி மருந்தை நிறுத்திடலாமா?"

சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், சத்து மாத்திரையெல்லாம் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார். வலி மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கும் வலி இருக்கும், முகம் சொல்லும் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். சாதாரண மார்ஃபின் மாத்திரையைச் சில சொட்டுத் தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்குள் விடலாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் நீடித்த வகை மாத்திரையை மட்டும் பொடிக்கவே கூடாது, மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசியைப் பொருத்திவிட்டு அதன் வழியாகக் கொடுப்போம், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். ஊசியில் அளவு குறைவு, மாத்திரை அளவை அப்படியே போடக்கூடாது.

"ஏதோ ஆசை இருக்கு, அதான் உயிர் போகலைன்னு காசு உரசுன தண்ணி, மண்ணு கரைச்ச தண்ணி ஊத்துறாங்க. செய்யலாமா?"

பெரியவர்கள் சொல்வதை நான் தடுப்பதில்லை, ஆனால் ஊற்ற விடமாட்டேன். விழுங்க முடியாதவர் வாயில் எதை ஊற்றினாலும், பாலாக இருந்தாலும் கங்கைத் தீர்த்தமாக இருந்தாலும், மூச்சுக் குழலுக்குத்தான் போகும், மூச்சு முட்டித்தான் போவார். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், சாஸ்திரமும் ஆச்சு, அவருக்கும் தொந்தரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், அது கொலை, என் முன்னால் நடக்காது.

"ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கிறாங்க, ரெண்டு பேர் வேணாங்கிறாங்க. வெண்டிலேட்டர் வெச்சா தப்பா?"

இதைப் புதுச்சேரியில் வேலை பார்க்கும் அண்ணன், துபாயிலிருந்து போனில் பேசும் தம்பி எல்லோரையும் வைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கும் முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும். முற்றிய புற்றுநோயில் இயல்பாக வரும் முடிவை வெண்டிலேட்டர் மாற்றாது, ஐசியுவில் கதவுக்கு வெளியே நீங்கள் நிற்பீர்கள், உள்ளே அவர் தனியாக இருப்பார். வலி அடங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை, வீட்டில் சமாளிக்க முடியவில்லை என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள், அது வேறு. அவர் சுயநினைவோடு இருக்கும்போது என்ன சொன்னார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுதியும் வைக்கலாம். செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஒத்துக்கொண்டது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

"ஒரு ஊசி போட்டு அனுப்பி வெச்சிடுங்களேன் சிஸ்டர், பாக்க முடியலை."

அது சட்டப்படி குற்றம், நான் செய்ய மாட்டேன். ஆனால் இப்படிக் கேட்கிறவர் மேல் நான் முகம் சுளித்ததில்லை. இந்தக் கேள்வி வந்தால் எனக்குப் புரிவது, ஏதோ ஒரு வலி அடங்காமல் இருக்கிறது, நோயாளிக்கோ பார்த்துக்கொள்கிறவருக்கோ. அன்றைக்கே டாக்டரை அழைத்து எல்லா மருந்தையும் மறுபடி பார்ப்போம். எதிலும் அடங்காத வேதனை சிலருக்குக் கடைசி நாட்களில் வரும், அப்போது மிடாசோலம் போன்ற மருந்தால், துன்பம் தெரியாத அளவுக்குத் தூங்க வைப்பது உண்டு. உயிரை எடுப்பதற்காகக் கொடுப்பதில்லை அது, துன்பம் அடங்குகிற அளவுக்குத்தான் கொடுப்பார்கள்.

"எனக்கே முடியலை. சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணுது. நான் பாவியா?"

இல்லை. ஆறு மாதமாக ராத்திரி நான்கு மணி நேரம்கூடத் தூங்காத மருமகளுக்கும் மகளுக்கும் அப்படித் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாரத்துக்கு இரண்டு ராத்திரியாவது வேறொருவர் விழித்திருக்கட்டும். பார்த்துவிட்டுப் போக வருகிற உறவுக்காரர்களிடம் ஆப்பிளுக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் கேளுங்கள்.

"வீட்ல உயிர் போனா போலீஸ் கேஸ் ஆகுமா? சர்டிஃபிகேட் எப்படி வாங்குறது?"

நோயால் இறந்தவருக்குப் போலீஸ் வராது. பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணம் எழுதிய சான்று வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கூட வையுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள், நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி. புதுச்சேரியில் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து. மீதி மார்ஃபினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், வேறு யாருடைய வலிக்கும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

"சிஸ்டர், பத்து மணிக்கு நான்தான் மாத்திரையைக் கரைச்சி வாயில விட்டேன். பத்தே முக்காலுக்கு மூச்சு நின்னுடுச்சு. நான் குடுத்ததாலயா?"

காரியம் முடிந்து, எல்லோரும் போன பிறகு, போனில் வரும் கேள்வி இது. நான்கு மணிக்கொரு தரம் மருந்து சாப்பிடுகிறவர் எந்த நேரத்தில் இறந்தாலும் அதற்குச் சற்று முன்னால் ஒரு மாத்திரை இருந்திருக்கத்தான் செய்யும். அவர் வாரக்கணக்கில் சாப்பிட்ட அதே அளவு, அதே மாத்திரை. அதற்கு முந்தைய நாளே கால் சில்லிட்டிருந்தது, முழங்காலில் நீலம் வந்திருந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது, நோட்டில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நான் வரும்போது எடுத்து வையுங்கள், கடைசிப் பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம். போன முறை ஒரு வீட்டில் அப்படிப் பார்த்தபோது, கடைசி நான்கு நாளும் வலி என்ற இடத்தில் மகள் பத்து பைசா, பத்து பைசா, பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.